மவுண்டன் சைக்கிளுக்கு இரண்டாவது சோடிச் சில்லுகள்: வன்னிப் பாதைகளுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் சைக்கிள் ஓடுபவருக்கு ஒரே நாளில் இரண்டு விதமான தரை எதிர்ப்படுகிறது. கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் முறிகண்டி வரை போகும்போது ரயருக்குக் கீழே மழமழப்பான காப்பெற் வீதி இருக்கிறது. அங்கிருந்து உட்கிராமம் ஒன்றுக்கோ வாய்க்காலை ஒட்டிய பாதைக்கோ திரும்பினால் சில நிமிடங்களிலேயே கிறவலும் சல்லியும் மணலும் தொடங்கிவிடுகின்றன. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியும், மாங்குளத்திலிருந்து போகும் ஏ-34 வீதியும் அப்படித்தான்: பிரதான வீதி நன்றாக இருக்கும், ஆனால் நாம் போக வேண்டிய பாடசாலையோ வயலோ உறவினர் வீடோ பெரும்பாலும் பிரதான வீதியில் இருப்பதில்லை. கிறவலில் பிடித்து நிற்கும் முரட்டுப் பல்லுள்ள அகன்ற ரயர், தார் வீதியில் உரசிக்கொண்டு ஓடி நம்முடைய பலத்தைத் தின்றுவிடுகிறது. சோளகக் காற்று எதிரே வீசும் மாதங்களில் பூநகரிப் பக்கத்துத் திறந்த வெளிகளில் இதைக் கால்கள் நன்றாகவே உணரும். தார் வீதியில் இலகுவாக ஓடும் ஒடுக்கமான ரயரோ மணலில் புதைந்து நின்றுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் சமரசம் செய்யும் நடுத்தர ரயர் ஒன்றைப் போட்டு ஓடலாம். பலர் அப்படித்தான் ஓடுகிறார்கள். ஆனால் ஒரே பிறேமுக்கு இரண்டு சோடிச் சில்லுகளை வைத்திருந்து, போகும் பாதையைப் பார்த்து மாற்றிக்கொள்வது அதைவிட நல்ல தீர்வு. அதைச் சரியாகத் தெரிவு செய்வதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

முதலில், உண்மையில் தேவையா என்று பாருங்கள்

சில்லு வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: நீங்கள் எவ்வளவு அடிக்கடி மாற்றப் போகிறீர்கள்? மாரி மழை தொடங்கும் ஐப்பசியில் ஒரு தடவையும், தரை காய்ந்த பிறகு ஒரு தடவையும் மட்டுமே மாற்றப் போகிறீர்கள் என்றால், உங்களுக்குத் தேவையானது இரண்டாவது சோடி ரயர்கள் மாத்திரமே. ரயரைக் கழற்றிப் பூட்டுவது பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. ஆண்டுக்கு இரண்டு முறை அதைச் செய்வதற்காக ஹப் (சில்லின் நடுப்பாகம்), ரிம், கசெற் (பின்சில்லின் பல் சக்கரத் தொகுதி), டிஸ்க் பிறேக் பிடிக்கும் தட்டு எல்லாவற்றையும் இரண்டாவது தடவை வாங்குவது வீண் செலவு. ஆனால் வார நாட்களில் வேலைக்குத் தார் வீதியிலும், சனி ஞாயிறில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களைச் சுற்றியுள்ள பாதைகளிலும் ஓடுபவர் ஒவ்வொரு வாரமும் ரயர் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. அப்படிப்பட்டவருக்கே இரண்டாவது சோடி பொருந்தும். ஐந்து நிமிடத்தில் மாற்றி, பிறேக்கையோ கியரையோ தொடாமல் ஏறிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே இதன் முழு நோக்கமும். கீழே சொல்லப்படும் அளவுகள் அனைத்தும் அதற்காகவே.

எந்தச் சோடிக்கு எந்த வேலை

பெரும்பாலானவர்கள் சைக்கிளோடு வந்த சில்லுகளைக் கிறவலுக்கு விட்டுவிட்டு, தார் வீதிக்கென இலகுவான புதிய சோடி ஒன்றைத் தேடுகிறார்கள். நான் இதை மாற்றிச் செய்யும்படியே சொல்வேன். விலை குறைந்த, நடுத்தர விலையுள்ள மவுண்டன் சைக்கிள்களோடு வரும் ரிம்கள் பொதுவாக ஒடுக்கமானவை. அவற்றின் உள் அகலம் 19 முதல் 21 மி.மீ. வரையே இருக்கும். அந்த அகலம் 1.5 முதல் 1.75 அங்குல வழுவழுப்பான வீதி ரயருக்கு மிகப் பொருத்தமானது. கிறவலுக்கும் மணலுக்கும் தேவையான 2.2, 2.35 அங்குல ரயரை அதே ரிம்மில் பூட்டினால், காற்றைக் குறைக்கும்போது ரயர் பக்கவாட்டில் நெளிந்து ஆடும். உள் அகலம் 25 முதல் 30 மி.மீ. வரை உள்ள ரிம்மில் அதே ரயர் நிமிர்ந்து நிற்கும், குறைந்த காற்றிலும் திருப்பங்களில் நம்பி ஓடலாம். அடி வாங்குவதும், கம்பி அறுவதும், ரிம் நெளிவதும் கரடுமுரடான பாதையில்தான். ஆகவே பணத்தை அங்கே செலவழியுங்கள்: புதிய, பலமான, அகன்ற சோடி கிறவலுக்கு, பழைய சோடிக்கு வழுவழுப்பான ரயர் இரண்டு வாங்கிப் போட்டு அதைத் தார் வீதிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே அகன்ற, தரமான ரிம்மோடு சைக்கிள் வாங்கியவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர் வீதிக்கான ஒடுக்கமான சோடியைத் தேடலாம்.

ரயரின் ஓரத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள்

அளவு என்று வரும்போது அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடைக்குப் போய், "அண்ணை, இருபத்தாறு ரயர் ஒண்டு தாங்கோ" என்று கேட்டால், விசயம் தெரிந்த கடைக்காரர், "எந்த இருபத்தாறு தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெண்கள் ஓடும் சாதாரண சைக்கிள்கள் பலவற்றில் உள்ள 26 × 1⅜ என்ற அளவும், மவுண்டன் சைக்கிளில் உள்ள 26 × 1.95 என்ற அளவும் பெயரளவில் மட்டுமே ஒன்று. முன்னையதின் ரிம்மில் ரயர் அமரும் விட்டம் 590 மி.மீ., பின்னையதில் 559 மி.மீ. இரண்டுக்கும் 31 மி.மீ. வித்தியாசம் இருப்பதால் ஒன்றின் ரயர் மற்றதில் ஒருபோதும் நிற்காது. பின்னமாக எழுதப்பட்ட அளவும் தசமத்தில் எழுதப்பட்ட அளவும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

எனவே அங்குலக் கணக்கை விட்டுவிட்டு, ரயரின் பக்கச் சுவரில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் இரட்டை எண்ணைத் தேடுங்கள். மண்ணைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் 50-559, 54-584, 56-622 என்பவற்றைப் போல ஒன்று தெரியும். முதல் எண் ரயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மில் ரயர் அமரும் விட்டம். 559 என்றால் 26 அங்குலம், 584 என்றால் 27.5 அங்குலம், 622 என்றால் 29 அங்குலம். நம் ஊர்களில் இன்றும் ஓடும் 28 × 1½ பெரிய சைக்கிளின் எண் 635. 29 அங்குல மவுண்டன் ரிம்மை விட அதுவே பெரியது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 29 அங்குலச் சைக்கிள் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு: 700சி என்று விற்கப்படும் ரயர்களின் விட்டமும் இதே 622 என்பதால், வீதிச் சோடிக்கு அந்த வகையில் அகலமானவற்றையும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது சோடியும் முதல் சோடியின் விட்டத்திலேயே இருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் வி-பிறேக் உள்ள சைக்கிளில் இதற்கு மாற்றே இல்லை. டிஸ்க் பிறேக் உள்ள பிறேமில் வேறு விட்டத்தைப் பூட்ட முடியும் என்றாலும், சைக்கிளின் உயரமும் பெடல் தரையில் இடிக்கும் தூரமும் மாறிவிடும் என்பதால் நான் அதை ஊக்குவிக்க மாட்டேன்.

அச்சின் அளவும் பிறேமின் அகலமும்

சில்லைக் கழற்றிவிட்டு, அது அமரும் இரண்டு கவைகளுக்கும் இடையிலான உள் தூரத்தை அளந்து பாருங்கள். லீவரால் இறுக்கும் பழைய முறை அச்சு என்றால் முன்னால் 100 மி.மீ., பின்னால் 135 மி.மீ. இருக்கும், வன்னியில் ஓடும் மவுண்டன் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். துளைக்குள்ளால் முழு அச்சும் ஊடுருவிப் போகும் புதிய வகையில் முன்னால் 15 × 100, பின்னால் 12 × 142 என்ற அளவுகளும், அதற்குப் பின் வந்த அகன்ற வகையில் முன்னால் 15 × 110, பின்னால் 12 × 148 என்ற அளவுகளும் உள்ளன. 142க்கும் 148க்கும் வித்தியாசம் 6 மி.மீ. மட்டும்தானே என்று அமுக்கிப் பூட்ட நினைக்க வேண்டாம். டிஸ்க்கும் கசெற்றும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ மாமாவோ சில்லு அனுப்பித் தருவதாகச் சொன்னால், சைக்கிளின் மாதிரிப் பெயரை மட்டும் சொல்லாமல் இந்த எண்களை எழுதி அனுப்புங்கள். ஒரே பெயரிலுள்ள சைக்கிளின் வெவ்வேறு ஆண்டு மாதிரிகளில் அச்சளவு மாறியிருக்கலாம்.

பிறீவீலா கசெற்றா

பின்சில்லில் பல் சக்கரங்கள் பூட்டப்படும் விதம் இரண்டு வகைப்படும். பிறீவீல் என்பது ஹப்பின் மேல் திருகி ஏற்றப்படும் ஒரு முழுத் தொகுதி. கசெற்றில் பல் சக்கரங்கள் மட்டும் ஒரு வரிசையாகச் செருகப்படும். உள்ளே சுழலும் பொறி ஹப்போடு சேர்ந்திருக்கும். விலை குறைந்த ஆறு, ஏழு கியர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் பிறீவீல்தான் உண்டு. அதில் வலப்பக்க பெயரிங் ஹப்பின் நடுப்பக்கமாக உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் நீளமான ஒரு பகுதி தாங்கல் இன்றி வெளியே நீண்டு நிற்கிறது. பின்னால் நெல் மூட்டையோ ஆளோ ஏற்றிக்கொண்டு பள்ளங்களில் இறங்கும்போது அச்சு வளைவதும் முறிவதும் இதனால்தான். கசெற் ஹப்பில் பெயரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் அந்தப் பலவீனம் இல்லை.

ஏழு கியர்ப் பிறீவீல் உள்ள சைக்கிளுக்குக் கிறவல் சோடி வாங்கும்போது, கசெற் ஹப்புக்கு மாறிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பிறேமின் அகலம் 135 மி.மீ. ஆக இருந்தால், ஷிமானோவின் எட்டு, ஒன்பது, பத்துக் கியருக்கான ஹப்பில் 4.5 மி.மீ. வளையம் ஒன்றை முதலில் போட்டுவிட்டு ஏழு கியர்க் கசெற்றைப் பூட்டலாம். பற்களுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய ஒன்றேயாதலால் கைப்பிடியில் உள்ள கியர் மாற்றியை மாற்ற வேண்டியதில்லை.

பதினொன்று, பன்னிரண்டு கியர் வைத்திருப்பவர்கள் ஹப்பின் மேலுடல் (கசெற் செருகப்படும் பகுதி) எந்த வகை என்று நிச்சயப்படுத்த வேண்டும். பத்துப் பல் சின்னச் சக்கரத்தோடு வரும் ஷிமானோ பன்னிரண்டு கியருக்கு மைக்ரோ ஸ்ப்ளைன் உடல் தேவை. ஸ்ராமின் பத்துப் பல் கசெற்றுக்கு எக்ஸ்டி உடல் தேவை. பதினொரு பல்லில் தொடங்கும் ஸ்ராம் என்எக்ஸ், எஸ்எக்ஸ் வகைகள் பழைய ஷிமானோ உடலிலேயே அமரும்.

இரண்டு சோடிகளிலும் மிகப் பெரிய பல் சக்கரம் ஒரே அளவாக இருந்தால் மாற்றுவது இலகு. எட்டு, ஒன்பது கியர்களில் வீதிச் சோடிக்குச் சற்றுச் சிறிய கசெற்றைப் பயன்படுத்தினாலும் சமாளிக்கலாம். செயினின் நீளத்தை மட்டும் பெரிய கசெற்றுக்கே அளந்து வெட்டுங்கள். சிறியதற்கு அளந்து வெட்டிய செயினோடு பெரியதைப் பூட்டிப் பெரிய பல்லுக்கு மாற்றினால் கியர்ப் பொறியே பிடுங்கப்பட்டுவிடும்.

பிறேக் இரண்டு சோடிக்கும் ஒன்றுதான்

டிஸ்க் தட்டு ஹப்பில் பூட்டப்படும் முறையும் இரண்டு: ஆறு திருகாணிகளால் பூட்டுவது ஒன்று, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லொக் மற்றது. கூடுமானவரை இரண்டு சோடியிலும் ஒரே முறையும், ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரித் தட்டும் இருக்கட்டும். விட்டமும் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் சோடியில் 160 மி.மீ. என்றால் இரண்டாவதிலும் 160தான். தட்டில் ரெசின் பாட் (தட்டை அழுத்திப் பிடிக்கும் பிறேக் கட்டை) மட்டும் பயன்படுத்தும்படி பொறித்திருந்தால் உலோகப் பாட் போடக்கூடாது என்பதையும் கவனியுங்கள். பாட் இரண்டு தட்டுக்கும் பொதுவாகையால் ஒன்றின் கட்டுப்பாடு மற்றதையும் பிடிக்கும்.

வெவ்வேறு ஹப்புகளில் தட்டு நிற்கும் இடம் மில்லிமீற்றரின் சில பத்திலொரு பங்குகளால் மாறும். பாட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், சில்லை மாற்றியவுடன் உரசல் சத்தம் கேட்பது இதனால்தான். ஒவ்வொரு முறையும் பிறேக்கின் திருகாணியைத் தளர்த்தி நகர்த்திக்கொண்டிருந்தால் சலித்துப்போய் இரண்டாவது சோடியையே மூலையில் போட்டுவிடுவீர்கள். சரியான வழி, தட்டுக்கும் ஹப்புக்கும் இடையில் 0.2 மி.மீ. அளவிலான மெல்லிய வளையங்களைப் போட்டு, இரண்டு தட்டுகளும் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்வதே. சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பிறேக்கின் பின்புறம் தரையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுவிட்டு மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: தட்டின் இரு பக்கமும் தாளின் வெள்ளை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். முதல் சோடியில் இரண்டு கோடுகளும் சமமாக இருக்கும்படி பிறேக்கை நிறுத்திவிடுங்கள். பிறகு இரண்டாவது சோடியைப் பூட்டிப் பாருங்கள். தட்டு உட்பக்கம், அதாவது கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டாவது சோடியில் வளையம் சேருங்கள். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் முதல் சோடியில் வளையம் சேர்த்துப் பிறேக்கை மறுபடி நடுவில் நிறுத்துங்கள். ஆறு திருகாணிகளையும் ஒரே சுற்றில் இறுக்காமல், எதிரெதிராக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

வி-பிறேக் வைத்திருப்பவருக்கு இந்த வேலை இல்லை. ஆனால் இரண்டு ரிம்களின் வெளி அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைக் கேபிளின் திருகில் சரிசெய்துவிடலாம். ஐந்து மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு தடவையும் கேபிளைக் கழற்ற வேண்டி வரும். அப்படியானவர்கள் அகன்ற ரிம்மின் ஆசையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊர்க் கடையில் திருத்தக்கூடியதை வாங்குங்கள்

சில்லு விளம்பரங்களில் எடையைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் ஒருவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, ஒரு கம்பி அறுந்தால் எத்தனை நாளில் மறுபடி ஓடலாம் என்பதே. எரிபொருள் தடை நிலவிய 1990களில் வன்னி முழுவதற்கும் சைக்கிள்தான் வாகனமாக இருந்தது. சில்லுப் பின்னவும், நெளிவு எடுக்கவும், பெயரிங் குண்டு மாற்றவும் தெரிந்த கைகள் நம் ஊர்க் கடைகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குத் தெரிந்த பொருளை வாங்குவதுதான் புத்தி.

ஆகவே, ரிம்மும் ஹப்பும் கம்பிக்கு 32 அல்லது 36 துளை உள்ளவையாக இருக்கட்டும். 24, 28 கம்பியுள்ள சில்லில் ஒன்று அறுந்தால் ரிம் பிறேமில் தட்டும் அளவுக்கு இழுபட்டுவிடலாம். 36இல் ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். கம்பியின் தலை வளைந்ததாக இருக்க வேண்டும். தலை நேரான கம்பி கொண்ட ஹப்புக்குக் கிராமத்துக் கடையில் மாற்றுக் கம்பி எதிர்பார்க்க முடியாது. தடிப்பு 2.0 மி.மீ., அதாவது 14 கேஜ். நடுவில் 1.8 மி.மீ. ஆக மெலிந்த கம்பி விலை கூடியது. ஆனால் அதிர்ச்சியை நடுப்பகுதி இழுபட்டு வாங்கிக்கொள்வதால் வளைவில் அறுவது குறைவு. வாங்கும்போதே முன்சில்லு, பின்சில்லின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு கம்பியாவது சேர்த்து வாங்குங்கள். ஒரே சில்லில்கூட இடமும் வலமும் நீளத்தில் ஓரிரு மில்லிமீற்றர் மாறுபடலாம்.

கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் பித்தளையாக இருக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். அலுமினிய நிப்பிள் சில கிராம் இலகுவானது. ஆனால் முல்லைத்தீவுக் கரை, நந்திக்கடல் ஓரம், ஆனையிறவு உப்பளப் பக்கம் என்று உப்புக் காற்று படும் இடங்களில் அது கம்பியோடு அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு நெளிவு எடுக்க ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் நிப்பிள் நொறுங்கிக் கையோடு வரும்.

ஹப்பில், கூம்பும் குண்டும் உள்ள பழைய முறை, மூடிய பெயரிங் உள்ள புதிய முறை என்று இரண்டு உண்டு. மூடிய பெயரிங் பராமரிப்புக் குறைந்தது. அதன் மூடியில் உள்ள இலக்கத்தைப் படித்து அதே இலக்கத்தை வாங்கிப் போட வேண்டும், அடித்து இறக்கச் சரியான கருவியும் தேவை. கூம்பு முறைக்கு வேண்டியது 13, 15 மி.மீ. மெல்லிய ஸ்பானர்களும் கிறீசும் குண்டுகளும் மட்டுமே; முன்னால் பொதுவாக 3/16 அங்குலக் குண்டு, பின்னால் ¼ அங்குலக் குண்டு. மாரி முடிந்ததும் ஒரு தடவை திறந்து, பழைய கிறீசைத் துடைத்துப் புதிது பூசினால் பல ஆண்டுகள் ஓடும். வன்னிக்கு நான் கூம்பு முறையையே தெரிவு செய்வேன். எதுவானாலும், வாகனம் கழுவும் சேர்விஸ் நிலையத்தில் அமுக்கத் தண்ணீரை ஹப்புக்கு நேரே அடிக்க விடாதீர்கள். தண்ணீர் உள்ளே போய்க் கிறீசைக் கழுவிவிடும்.

ரயர், முள், காற்று

வீதிச் சோடிக்கு நடுவில் வழுவழுப்பான, 1.5 முதல் 1.75 அங்குல ரயர் போதும். சராசரி எடையுள்ளவர் 45 முதல் 55 பி.எஸ்.ஐ. வரை காற்று வைத்து ஓடலாம். ரயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

கிறவல் சோடிக்கு, கோடையில் 2.2 முதல் 2.35 அங்குலம் வரையான ரயர். ரியூப் இருந்தால் சுமார் 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, மணல் அதிகமானால் இரண்டு இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் தட்டும் ஓசை கேட்கத் தொடங்கினால் குறைத்தது போதும் என்று அர்த்தம். மாரியில் கதை வேறு. வயற் பக்கத்துக் களி ரயரில் அப்பி, பிறேமுக்கும் ரயருக்கும் இடையில் அடைத்துச் சில்லைச் சுழல விடாமல் செய்யும். அந்தக் காலத்துக்கு அகலத்தைக் குறைத்து, 2.0 அங்குலத்தில் பற்கள் நெருக்கமின்றி உயர்ந்து நிற்கும் ரயரைப் போடுவது நல்லது. எந்தப் பருவத்திலும் ரயரின் இரு பக்கமும் பிறேமிலிருந்து 6 மி.மீ. ஆவது விலகியிருக்க வேண்டும்.

முள்ளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நெருஞ்சியும் விடத்தலும் சூரையும் உள்ள மண்ணில் சைக்கிள் ஓடுபவருக்கு ஒட்டுப் போடுவது வாழ்க்கையின் ஒரு பகுதி. தடித்த ரியூப்பும், ரயருக்கும் ரியூப்புக்கும் நடுவே வைக்கும் பட்டியும் நெருஞ்சிக்கு ஓரளவு தாக்குப் பிடிக்கும். விடத்தல் முள் நீளமும் உறுதியும் கொண்டது, அதற்கு முன்னால் பட்டியும் நிற்காது. ரியூப் இல்லாமல் ஓடும் ரியூப்லெஸ் முறையில், ரயருக்குள் இருக்கும் ஒட்டுத் திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். கிறவல் சோடிக்கு இதைவிட நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் திரவத்தைத் தொடர்ந்து பெற வழியுள்ளவர்கள் மட்டுமே இதில் இறங்க வேண்டும். நம் வெயிலில் திரவம் விரைவாகக் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து நிரப்ப வேண்டி வரும். ரிம்மும் ரயரும் ரியூப்லெஸ்ஸுக்கென்றே தயாரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். முதல் தடவை ரயரை ரிம்மில் அமர்த்த ஒரே மூச்சில் நிறையக் காற்று தேவை. மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் உள்ள கொம்பிரசர் அதற்கு உதவும், ரிம்மில் குறித்த உச்ச அளவை மட்டும் தாண்ட விடாதீர்கள். ரியூப்லெஸ் ஓடினாலும் பையில் ஒரு ரியூப் இருக்கட்டும்.

வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வு எரிபொருள் நிலையத்திலும் எந்தக் கடையிலும் காற்று வாங்கும். மெல்லிய பிரெஸ்ரா வால்வுக்குச் சிறிய பித்தளை இணைப்பி ஒன்று தேவை. அதை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள், பையில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

எவ்வளவு நல்ல ரயர் போட்டிருந்தாலும் ஆட்கள் நடமாடும் தடத்தை விட்டு விலகி, குறுக்கு வழி என்று பற்றைக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணி முழுமையாக முடியாத இடங்கள் இன்னும் உள்ளன. எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் திரும்பி வாருங்கள்.

கைக்கு வந்ததும் பரிசோதிப்பது

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த சில்லை அப்படியே பூட்டி ஓடக்கூடாது. முதலில் அச்சை விரல்களால் பிடித்துச் சுழற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருக்கக்கூடாது. அடுத்து, ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிக் கேளுங்கள். ஓசை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பின்சில்லில் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தை விட இறுக்கமாக இருப்பது இயல்பு. டிஸ்க் தட்டையும் கசெற்றையும் பூட்டுமுன், சில்லைப் பிறேமில் வைத்து ரிம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இட வலமாகத் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் ரிம் நடுவில் இருக்கிறது. இறுதியாக, இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் சேர்த்து அழுத்தி, மறுபடி நெளிவு பாருங்கள். புதிய சில்லின் கம்பிகள் முதல் சில வாரங்களில் சற்றுத் தளரும். அதன்பின் கடையில் ஒரு தடவை இறுக்கி எடுப்பது அவசியம்.

மாற்றும் நாளில்

செயினை மிகச் சிறிய பல்லில் விட்டுவிட்டுச் சில்லைக் கழற்றுங்கள். லீவர் அச்சை மூடும்போது, லீவர் பாதித் தூரத்தில் இறுகத் தொடங்கி, முழுதாக மூடியதும் உள்ளங்கையில் அடையாளம் பதியும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். லீவர் டிஸ்க் தட்டைத் தொடாத கோணத்தில் நிற்க வேண்டும். சில்லு வெளியே இருக்கும்போது பிறேக் லீவரை யாரும் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோலிக் பிறேக்கில் பாட்டுகள் ஒட்டிக்கொண்டு தட்டு நுழையாமல் போகும்.

இரண்டு கசெற்றுக்கும் ஒரே செயின் என்பதால் செயினின் தேய்மானத்தைத் தவறாமல் அளக்க வேண்டும். சாதாரண அங்குல அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதிய செயினில் பன்னிரண்டாவது அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு சரியாக வரும். அது பதினாறில் ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஓர் அங்குலம் தள்ளும் வரை ஓடினால், அதிகம் ஓடிய சோடியின் கசெற் தேய்ந்த செயினுக்கேற்பத் தேய்ந்திருக்கும். அதிகம் ஓடாத சோடியின் கசெற்றில் அதே செயின் சறுக்கத் தொடங்கும்.

ஓடாத சோடியை வைக்கும் இடம்

டிஸ்க் தட்டில் எண்ணெய் படக்கூடாது. மண்ணெண்ணெய், செயின் எண்ணெய், உழவு இயந்திர எண்ணெய் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், தட்டைப் பழைய பத்திரிகைத் தாளால் சுற்றி, சில்லை ஆணியில் தொங்கவிடுங்கள். தவறுதலாக எண்ணெய் பட்டுவிட்டால் ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்த பிறகே பூட்டுங்கள். தட்டைத் துடைத்துவிடலாம், அந்த எண்ணெயைக் குடித்த பாட்டுகளை எறிய வேண்டியதுதான். ரியூப்லெஸ் சோடியாக இருந்தால் காற்றை முழுவதும் இறங்க விடாமல், வாரம் ஒரு முறை சில்லைப் பாதிச் சுற்றுத் திருப்பி விடுங்கள். உள்ளே இருக்கும் திரவம் ஓரிடத்தில் தேங்கி உறைந்துவிடாது.